நாலு மில்லிமீற்றர்

கண்ணுக்கும் கீழிமைக்கும் நடுவே
ஒரு கடதாசித் துண்டைக் கொழுவிவிட்டு
ஐந்து நிமிடம் இருக்கச் சொன்னார்
டொக்டர் ஏபிஷெர்.
பீல் நகரத்து மழை
யன்னலில் தாராளமாய் வழிந்துகொண்டிருந்தது.
என் கடதாசியில் நாலு மில்லிமீற்றர் நனைந்திருந்தது.

"காணாது" என்றார்.
"பத்துக்கு மேலே இருக்கவேணும்."
கணக்குப் பாடத்தில்கூட
இவ்வளவு குறைவாய் நான் எடுத்ததில்லை.

என்ர கண் வடியுதே, டொக்டர்.
ஸ்டேஷனில் இறங்கி
ஏரிக்காற்றில் நாலு அடி வைத்தாலே
கன்னம் நனையுதே.
போன கிழமை பக்கத்து மேசை மோனிக் ஓடிவந்து
கட்டிப்பிடித்து,
வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று
இரண்டு பாஷையிலும் கேட்டாளே.

காய்ந்த கண்தான் அப்படி வடியுமாம்.
எரிச்சலுக்கு அவசரமாய் ஊற்றுகிற தண்ணீர்,
ஒட்டாது, ஓடிப்போகும்.
பிடித்துவைக்க மேலே ஓர் எண்ணெய்ப் படலம் வேணும்.
அதை இமையோரத்துச் சின்னச் சுரப்பிகள்
கசியவிடவேணும்.
அந்தச் சுரப்பிகளோ
ஆண் ஹோர்மோனின் சொல்லைத்தான் கேட்குமாம்.

சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
பெண் உடம்பில் அது முதலே கொஞ்சம்,
வயது போகப் போக இன்னும் குறையும்,
மாதவிலக்கு நிற்கிற காலத்தில்
மற்றதுகளும் சேர்ந்து தடுமாறும் என்று
ஒரு பிளாஸ்டிக் கண்ணைக் கழற்றிக் கழற்றிக் காட்டினார்.
அழுகை பொம்பிளையின்ர சொத்து என்று
ஊரெல்லாம் கதைக்கினம்.
அது ஆவியாகாமல் காக்கிற மூடிக்கு
ஆம்பிளைச் சரக்கு வேணுமாம்.

மை பூசுவீங்களோ?
பதினாறு வயதிலிருந்து, இமைக்கு உள்விளிம்பில்.
என்ன குளிசை எடுக்கிறீங்கள்?
சொன்னேன்.
என்ன வேலை?

கடிகாரத் தொழிற்சாலை.
உருப்பெருக்கிக்குக் கீழே
எள்ளிலும் சிறிய திருகாணி.
இருபத்தொரு வருசம்.
இமைத்தால் சாவணத்திலிருந்து துள்ளி ஓடிவிடும்.
தேவர்கள் இமைப்பதில்லை என்று படித்திருக்கிறேன்.
அவர்களுக்குக் கண் எரிந்ததா என்று
ஒருத்தரும் எழுதிவைக்கவில்லை.
வேலைக்குச் சேர்ந்த அன்று
மேற்பார்வையாளர் ஜெர்மனில் சொன்னதை
நான் தமிழில் விளங்கிக்கொண்டது இப்படி:
கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்.
பார்த்தேன்.
எண்ணெய் முடிந்துபோச்சு.

காலையும் இரவும் பத்து நிமிடம் சூட்டு ஒத்தடம்,
உறைந்த எண்ணெய் உருக.
பிறகு இமையை மெல்ல நீவி, பஞ்சால் துடை.
ஹீட்டருக்குப் பக்கத்தில் படுக்காதே.
உள்விளிம்பில் மை வேண்டாம்.
இதெல்லாம் சரிவராவிட்டால்
அழற்சியை ஆற்றுகிற துளிமருந்து இருக்காம்,
ஆறுதலாய்த்தான் வேலை செய்யுமாம்.
அதற்கும் அடங்காவிட்டால்
கண்ணீர் மூக்குக்கு இறங்குகிற துளைக்கு
குறுணியளவில் ஓர் அடைப்பு.
எங்கட வீட்டுத் தொட்டிக்கு
நான் ரப்பர் மூடி வைக்கிற மாதிரி.

மருந்துக்கடைப் பெட்டியில் எழுதியிருந்தது
செயற்கைக் கண்ணீர்.
நீலிக் கண்ணீர் என்று
சின்ன வயதிலிருந்தே கேள்விப்பட்டதுதான்.
விலை இன்றைக்குத்தான் தெரியும்:
இருபத்திரண்டு பிராங் நாற்பது.
காப்புறுதிக்காரன் கை கொடுக்கமுன்
என் கையால் இன்னும் ஆயிரத்துச் சொச்சம் போகவேணும்.

இரவு, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால்
தலையை அண்ணாந்து பிழிந்தேன்.
முதல் துளி மூக்கில்.
இரண்டாவது கன்னத்தால் இறங்கியது.
பல் தீட்ட வந்த மனிசன் வாசலில் நின்று
"என்னப்பா, அழுறியோ?" என்றார்.

"இல்லை. இது வாங்கினது."

திங்கட்கிழமை பத்தரைக்கு
உருப்பெருக்கிக்குக் கீழே
டொக்டர் சொன்னபடி
இமை இமையோடு முட்டும்வரை, முழுசாய்,
ஒருதரம் இமைத்தேன்.
திருகாணி துள்ளிப் போச்சு.
குனிந்து, மேசைக்கடியில்,
இமைத்து இமைத்துத் தேடினேன்.